காலி நாற்காலி ஒத்திகை

போன வாரம் அவளைச் சமையலறையில், காதில் கைபேசியும் கையில் கரண்டியுமாக விட்டுவிட்டு வந்தோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தேன். உங்களில் பலர் அந்தப் பாலுக்காகவே வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பால் போனால் போகட்டும், பேசியது யார் என்று சொல்கிறேன்.

பேசியவர் அவளுடைய பழைய சைட் மேனேஜர். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டு அம்மா கிரேன் ஓட்டியவள். கட்டடம் எழும்பும்போது பக்கத்தில் தானும் எழும்பி நிற்குமே, அந்த உயரமான கிரேன். அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பைத் தூக்கி, தூங்குகிற பிள்ளையைப் படுக்கையில் விடுவதுபோல அலுங்காமல் இறக்கி வைத்தவள். கீழே வேலை பார்த்தவர்கள் அவளை 'மேல்வீட்டம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு மழைச் சாயங்காலம் கணவர் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினாள். பைக் சறுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான்.

மேனேஜர் சொன்னது இதுதான். இப்போது வரும் கிரேன்களுக்கு மேலே ஆள் ஏற வேண்டியதில்லை. உச்சியில் கேமரா இருக்கிறது. ஓட்டுகிறவர் கீழே ஓர் அறையில் பெரிய ஸ்கிரீன்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கூண்டில் பிடித்து ஆட்டும் அதே இரண்டு கம்பிகளைப் பிடித்து ஓட்டலாம். நல்ல கை கிடைக்காமல் அவர் திண்டாடிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை வந்து அறையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லச் சொன்னார். கூடவே இன்னொரு சங்கதியும் சொன்னார். பால் பொங்கியது அந்தச் சங்கதியைக் கேட்டபோதுதான். அதைப் பிறகு சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

கணவரிடம் அவள் மூச்சு விடவில்லை. தனக்கே தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்வது? விபத்துக்குப் பிறகு அவள் உயரமான இடம் எதற்கும் போனதில்லை. டிவியில் யாராவது மலை விளிம்பில் நின்றால்கூட இப்போதெல்லாம் உள்ளங்கை வேர்க்கிறது. அந்த அறையிலும் ஸ்கிரீன்தானே? ஒரு தடவை மேலே போய்க் கீழே பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். பயம் முதலில் வருகிறதா, ஆசை முதலில் வருகிறதா என்று தெரிந்துகொண்டு, அதன்பிறகுதான் திங்கட்கிழமையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அதனால் மூத்தவளின் பழைய மனுவுக்கு இப்போது தானாகவே சம்மதம் சொன்னாள்.

மூத்தவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் பெயர் வக்கீல். ஒரு பென்சில் தொலைந்தால்கூட இரு தரப்பு வாதமும் அவளே பேசுவாள். ஊரிலேயே உயரமான கட்டடத்தை அவளுடைய அம்மாதான் கிரேன் ஓட்டி எழுப்பினாள் என்பதை வகுப்பில் ஒருத்தரும் நம்பவில்லை. அந்தக் கட்டடத்தின் உச்சியில் ஊரைப் பார்க்க ஒரு தளம் திறந்திருக்கிறார்கள். அங்கே குடும்பத்தோடு போக வேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள். இளையவளுக்கு நான்கரை வயது. அவள் பெயர் வாண்டு. அதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்தக் குடும்பம் வெளியே கிளம்புவது என்றால் சும்மா இல்லை. அதற்கு ஒத்திகை உண்டு.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லாருக்கும் லிஃப்ட்காரர். ஆட்களை ஏற்றும் முன் காலி லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பது அவர் தொழில். அதே வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்காவது போவதாக முடிவானால், ஆஸ்பத்திரியில் முதன்முதலில் வாங்கி இப்போது அறை மூலையில் கிடக்கும் பழைய சக்கர நாற்காலியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புவார். காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே பஸ் ஏறுவார், ரயில் ஏறுவார், சரிவு மேடைகளில் ஏறி இறங்குவார், கழிப்பறைக் கதவுகளை அளப்பார். ஒருமுறை ரயில் நிலையத்தில் ஒரு பெரியவர், இது ரயில்வேக்காரர்கள் செய்து கொடுத்த ஏற்பாடு என்று நினைத்து, குடையும் பையுமாக அதில் வந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்று சொல்ல மனசு வராமல் இவர் அவரை அடுத்த பிளாட்பாரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

அந்தப் பெரியவரைத் தவிர, பழையதோ புதியதோ, அம்மாவின் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. அது வீட்டுச் சட்டம். ஒருநாள் அம்மா கட்டிலில் படுத்திருக்கும்போது வாண்டு ஏறி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினாள். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர் அன்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அம்மா நாற்காலி விளையாட்டுச் சாமான் இல்லை என்றார். பிள்ளைகளுக்கு விதித்ததைத் தனக்கும் விதித்துக்கொண்டார். அவரும் அதில் உட்கார்ந்ததில்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை. அந்த மழைச் சாயங்காலம் பைக்கை ஓட்டியவர் அவர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதைப் பற்றிப் பேசாமலே இத்தனை நாள் ஓடிவிட்டது.

சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். ரொட்டி, பழம், தண்ணீர், வாண்டுவுக்கு மாற்று உடுப்பு. லிஃப்ட்காரர் வழியெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த நடைபாதையில் மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில் பள்ளம், வலப்பக்கம் ஒதுங்கு. இந்த பஸ்ஸுக்கு நடுக்கதவுதான் சாய்தளம் இறக்கும். பஸ் ஒரு பக்கமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு தாழ்ந்ததும் வாண்டு அதற்கு நன்றி சொன்னாள். ரயில் நிலைய லிஃப்டில் அவர் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார். கயிறு கொஞ்சம் முனகுகிறது, ஆனால் ஏற்றிவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். அப்பாவுக்கு லிஃப்ட் எல்லாம் நோயாளிகள் என்று வக்கீல் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் விளக்கினாள்.

கட்டடத்தின் முன்னால் வந்ததும் நால்வரும் தலையை நிமிர்த்தினார்கள்.

விபத்துக்குப் பிறகு அவள் அதை ரயிலிலிருந்தும் ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்தும் தூரத்தில்தான் பார்த்திருக்கிறாள். இவ்வளவு கிட்டத்தில், அடிவாரத்தில், அன்றுதான். கழுத்தை எவ்வளவு சாய்த்தாலும் உச்சி கண்ணில் அடங்கவில்லை. மேகம் நகரும்போது கட்டடமே தன்மேல் சாய்வதுபோல இருந்தது. அதன் ஒவ்வொரு தூணின் இரும்பும் ஒருநாள் அவளுடைய கொக்கியில் தொங்கியது. கூரை மூடும் வரை மேலே இருந்தாள். கிரேனைப் பிரித்து இறக்கிய பிறகு நடந்தது அந்த விபத்து. வாசல் வைத்தபிறகு உள்ளே வருவது இதுவே முதல் தடவை.

"இவ்வளவையும் நீயாம்மா தூக்குன?" என்று வக்கீல் கேட்டாள். வழக்கமான குறுக்கு விசாரணைக் குரல் அதில் இல்லை.

வாசலுக்கு ஏறும் சரிவு நீளமானது. அவள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். லிஃப்ட்காரர் பின்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, தொடாமல், ஆனால் தொடுகிற தூரத்தில் நடந்தார்.

உச்சிக்குப் போகும் லிஃப்டில் மட்டும் அவர் வாயடைத்துப் போனார். கதவு மூடியது, எண்கள் ஓடின, காது அடைத்தது. எனக்குக் காதுக்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றாள் வாண்டு. அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். அதிர்வே இல்லை. எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத ஒரு மெக்கானிக் இதை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறானே என்று அவர் கண்ணில் ஈரம் கட்டியது. ஒத்திகைக்கு வந்தபோதும் இப்படித்தான் ஆயிற்று என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கதவு திறந்தது. வெளிச்சம் கொட்டியது. முன்னால் நடந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். சின்னவர்கள் பெரியவர்கள் என்று இல்லாமல் எல்லார் நடையும் மெதுவாயிற்று.

அவள் கண்ணாடிப் பக்கம் நாற்காலியைச் செலுத்தினாள். பக்கத்தில் போனாள். இன்னும் பக்கத்தில் போனாள். முன்னால் இருந்தது சுவர்.

சுற்றிலும் நெஞ்சு உயரத்துக்குச் சுவர். நின்றால் அது மார்பளவு, உட்கார்ந்தால் அது கண்ணளவு. சுவரின் மேல் அகலமான திண்டு. திண்டின் மேல் எது எந்தத் திசை என்று சொல்லும் சாய்ந்த பலகைகள். அதற்கு மேல்தான் கண்ணாடி ஆரம்பித்தது. அவளுக்குத் தெரிந்தது வானம். வீட்டு முற்றத்திலிருந்தே பார்க்கக்கூடிய அதே வானம்.

வாண்டு வந்து பக்கத்தில் நின்று சுவரில் மூக்கை வைத்தாள். இரண்டு பேருடைய கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன.

"அம்மா, சுவருதான் தெரியுது."

லிஃப்ட்காரரின் முகம் வெளுத்துவிட்டது. சரிவுகளை அளந்தார். கதவுகளை அளந்தார். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி ஆடுகிறதா என்று தொங்கியே பார்த்தார். ஒத்திகை அன்று இதே இடத்தில், காலி நாற்காலியை ஓரமாக நிறுத்திவிட்டு, திண்டில் கையை ஊன்றி நின்று, வெகுநேரம் ஊரைப் பார்த்து மலைத்துப்போய் நின்றார். அவள் இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அங்கே நின்றுதான் நினைத்துக்கொண்டார்.

குனிந்து அவள் காதருகில், தூக்குகிறேன், ஒரு நிமிஷம்தான் என்றார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் கை ஏற்கெனவே அவள் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. சுற்றியிருந்த நாலைந்து பேர் நல்ல மனசோடு விலகி இடம் விட்டு, நல்ல மனசோடு பார்த்தார்கள்.

"என்னைத் தூக்காதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாளா எல்லாரும் தூக்கிட்டாங்க. நான் தூக்குன இடத்துல என்னை யாரும் தூக்க வேண்டாம்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வக்கீல் அதற்குள் சீருடை போட்ட ஊழியரைப் பிடித்து வழக்கைத் தொடங்கிவிட்டாள். எங்கம்மா கட்டின கட்டடத்தில் எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்பது கேள்வி. அந்தப் பெண் பாவம், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். கீழ்த்தளத்தில் இதே காட்சியை வீடியோவாகப் போடுகிறார்கள் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அது சரியாகப் படவில்லை.

வந்ததற்குப் பிள்ளைகளாவது பார்க்கட்டும் என்று அம்மா சொன்னாள். வாண்டு அப்பா தோளில் ஏறினாள். வக்கீல் திண்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதை எல்லாம் ஒப்பித்தாள். பெரிய பச்சைக் கூரை என்றாள். அது பஸ் டிப்போ, அதற்கு வலப்பக்கம் ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பார் என்றாள் அம்மா, வானத்தைப் பார்த்தபடி. பிரிந்தது. அதைத் தாண்டி ஆறு ஒரு வளைவு வளையும், வளைவில் ஒரு பள்ளிக்கூடம், மைதானத்தில் ஒரே ஒரு மரம் என்றாள். இருந்தது. வக்கீல் திண்டிலிருந்து திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒருவர் பலகையை விட்டுவிட்டு அம்மா சொல்லும் திசையில் தேட ஆரம்பித்தார்.

எல்லாம் சரிதான். ஆனால் அவள் வந்தது பாடம் ஒப்பிக்க அல்ல. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. சுவரைப் பார்த்தால் யாருக்கு வேர்க்கும்? திங்கட்கிழமைக்கு அவளிடம் இன்னும் பதில் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாண்டுவுக்கு அவசரம் வந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், படம் ஆரம்பித்தவுடன், பஸ் வந்தவுடன். லிஃப்ட்காரர் கிளம்பினார். பொண்ணுங்க ரெண்டு பேர் போய் வருகிறோம், நீங்கள் இருங்கள் என்று அவரை நிறுத்திவிட்டு, வாண்டுவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அவள் தானே தள்ளிக்கொண்டு போனாள். அம்மா மடி சட்டத்தில் வராது, அதற்கு அனுமதி உண்டு.

தளத்தின் பின்புறம் நீளமான நடை. கழிப்பறை விசாலமாக இருந்தது, கம்பி ஆடவில்லை. கை கழுவிவிட்டு வெளியே வந்ததும் வாண்டு வந்த வழியை விட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள். நடை ஒரு மூலையில் திரும்பியது. அங்கே அம்புக்குறியும் இல்லை, ஆட்களும் இல்லை. ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது.

கூப்பிட்டாள். பதில் இல்லை. வாண்டு இருக்கும் இடத்தில் சத்தம் இல்லை என்றால் விபரீதம் என்று அர்த்தம். வேகமாகச் சக்கரத்தை உருட்டி மூலையைத் திரும்பினாள்.

நடையின் முடிவில் சுவர் இல்லை. தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. வாண்டு இரண்டு உள்ளங்கைகளையும் நெற்றியையும் அதில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா" என்றாள், திரும்பாமல். "எல்லாம் இங்க இருக்கு."

அவள் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். கால் வைக்கும் பலகை கண்ணாடியில் முட்டும் வரை வந்தாள்.

அவளுடைய செருப்புகளுக்கு நடுவில் ஊர் கிடந்தது. டிப்போவின் பச்சைக் கூரை, இரண்டாகப் பிரியும் தண்டவாளம், அதில் ஊர்ந்து வரும் ரயில், வெயில் பட்டு ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் ஆறு. எத்தனையோ ஆயிரம் கூரைகள், ஒவ்வொன்றின் கீழும் யாரோ சமைத்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். மேகத்தின் நிழல் ஒரு முழுப் பேட்டையை மூடி, அடுத்த பேட்டைக்கு நகர்ந்து, வெயிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. கார்கள் ஓடின, சத்தம் மட்டும் இல்லை. இவ்வளவு பெரிய ஊர் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். இத்தனை நாள் வாசற்படிகளோடும் நடைபாதைப் பள்ளங்களோடும் மல்லுக்கட்டியதில், இந்த ஊர் அழகானது என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. அழுகை வந்தது, அழுதாள். வாண்டுவுக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

பிறகு உள்ளங்கைகளைப் பார்த்தாள். நனைந்திருந்தன.

அப்படியானால் பயம்தான் என்று நினைத்தாள். நினைத்தபடியே இரண்டு கைகளையும் முழங்காலில் துடைத்தாள். துடைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. கூண்டில் ஏறும் ஒவ்வொரு காலையும் இப்படித்தான் துடைத்தாள். அதற்கென்றே ஒரு பழைய துணி கம்பியில் தொங்கும். முதல் நாளும் வேர்த்தது, கூரை மூடிய நாளும் வேர்த்தது. வேர்வையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் மறுபடி கீழே பார்த்தாள். கீழே ஒரு சைட்டில் யாரோ இரும்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது அந்தப் பக்கம் திருப்புகிறானே மடையன் என்று மனசுக்குள் திட்டினாள். அவள் கை தானாக நாற்காலியின் கைப்பிடியில் இல்லாத ஒரு கம்பியைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் சாய்த்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதே கோணம். ஆற்றின் வளைவு இதே இடத்தில், டிப்போ இதே இடத்தில். கட்டடத்தை ஒட்டி நின்ற கிரேனை இறுக்கிப் பிடித்துக்கொள்ள இரும்புக் கைகளை மாட்டியிருந்தார்கள். அவை நுழைவதற்காக இந்த மூலையைத் திறந்தே விட்டிருந்தார்கள். கிரேன் போன பிறகு கடைசியாக அடைத்த இடம் இது. செங்கல் வைக்காமல் கண்ணாடி வைத்து அடைத்திருக்கிறார்கள். அவளுடைய கூண்டு இந்தக் கண்ணாடிக்கு அப்புறம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தது.

அந்தக் கூண்டிலும் காலுக்கு நடுவே கண்ணாடிதான். அங்கேயும் அவள் நாள் முழுக்க ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஊரிலேயே உயரமான கட்டடத்தை அவள் நின்றுகொண்டு கட்டவில்லை. இத்தனை காலம் இது தனக்குத் தோன்றாமல் போனது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

சிரிப்பைக் கேட்டுத்தான் லிஃப்ட்காரரும் வக்கீலும் வழி கண்டுபிடித்து வந்தார்கள். காணோமே என்று அவர் கழிப்பறைக் கதவைத் தட்டியிருக்கிறார், உள்ளே இருந்த யாரோ திட்டியிருக்கிறார்கள். கண்ணாடியைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ஒத்திகையில் அவர் கழிப்பறை வரை வந்தார். அதற்கப்புறம் போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை என்று திரும்பிவிட்டார். வக்கீல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை வைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாதமும் இல்லாமல் கிடந்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் விடவில்லை. ஓரமாக ஒரு தாழ்வான மெத்தை பெஞ்சு இருந்தது. நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, கைகளை ஊன்றி, தானே தன்னைத் தூக்கி பெஞ்சில் இறக்கி வைத்துக்கொண்டாள். நாற்காலி காலியாயிற்று.

"நீங்க இதுல ஒரு தடவ உக்காருங்க" என்றாள்.

பிள்ளைகள் இரண்டும் ஊரை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தன. அவர் ஓர் அடி பின்னால் போனார். அதெல்லாம் வேண்டாம் என்றார். அதில் தான் உட்காரக் கூடாது என்றார். ஏன் என்று அவள் இன்று கேட்டாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அன்னிக்கு மழையில வண்டிய ஓட்டுனவன் நான், இதுல நான்தான் உக்காந்திருக்கணும்" என்றார்.

இத்தனை காலம் பேசாத பேச்சு, ஒரு கழிப்பறை நடையில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அது தண்டனை இல்லங்க" என்றாள். "நாற்காலி. உக்காருங்க, உங்கள ஒண்ணும் பண்ணாது."

அவர் உட்கார்ந்தார். சூடான அடுப்பின் மேல் உட்காருவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக. வாண்டு பயந்துபோய் அக்காவைப் பார்த்தாள். சட்டம் ரத்தாகிவிட்டது என்று வக்கீல் அறிவித்தாள். அறிவித்த கையோடு அப்பாவைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்பினாள்.

போனவர்கள் திரும்பி வர நேரமாயிற்று. வரும்போது வக்கீல் தள்ளவில்லை. அவரே தள்ளிக்கொண்டு, சுவரில் ஒருமுறை இடித்துக்கொண்டு வந்தார். பார்க்கும் தளத்தில் அவருக்கும் வானம்தான் தெரிந்ததாம். ஓர் அம்மாள் அவர் தலைக்கு மேலாகக் குனிந்து, அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு என்று வக்கீலிடம் கேட்டாராம். அப்பா பக்கத்தில்தானே இருக்கிறார், அவரையே கேளுங்கள் என்றாளாம் வக்கீல்.

"எல்லா இடத்துலயும் நான் நின்னுகிட்டே பாத்துட்டேன்" என்றார் லிஃப்ட்காரர். அவ்வளவுதான் சொன்னார். அவர் கைகள் இன்னும் சக்கரங்களை விடவில்லை.

இதுதான் சமயம் என்று அவளுக்குத் தோன்றியது. மேனேஜர் பேசியது, ஸ்கிரீன், கேமரா, திங்கட்கிழமை, எல்லாவற்றையும் சொன்னாள். எதற்காக இங்கே வரச் சம்மதித்தாள் என்பதையும் சொன்னாள். உள்ளங்கை வேர்த்ததையும் அதைத் துடைத்ததையும் சொன்னாள். எனக்கு அந்த வேலை வேண்டும் என்றாள்.

அவர் யோசித்தார். பயமில்லையா என்று கேட்கவில்லை, வீட்டை யார் பார்ப்பது என்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த கேள்வியைத்தான் கேட்டார்.

"அந்த ரூம் எந்த மாடில இருக்கு? லிஃப்ட் இருக்கா?"

பால் பொங்கிய சங்கதி இதுதான். அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. அதனால் என்ன, நம்ம பசங்க நாலு பேர் இருக்காங்க, தினமும் தூக்கிட்டுப் போய் உட்கார வச்சிடுவாங்க என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. செருப்புகளுக்கு நடுவே கிடந்த ஊரை வெகுநேரம் பார்த்தார். இத்தனை கட்டடங்களில் எத்தனைக்கு லிஃப்ட் இருக்கும் என்று எண்ணுகிறாரோ என்னவோ. பிறகு தலையை நிமிர்த்தாமலே, திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஒத்திகை இருக்கிறது என்றார்.

"நாளைக்கு அந்தப் பழைய நாற்காலிய எடுத்துட்டு நான் போறேன். இந்தத் தடவ உக்காந்துகிட்டுப் போறேன். மேனேஜரையும் வாசல்ல வந்து நிக்கச் சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்ததற்கு அப்புறம் அப்படிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

வாண்டு கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தாள். அங்கே வட்டமாக ஈரம் படிந்திருந்தது. அப்பாவையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்து நன்றாக யோசித்தாள்.

"அப்ப அங்க அப்பாவ யாரு தூக்குவாங்க?"

எல்லாரும் வக்கீலைப் பார்த்தார்கள். அதை மேனேஜர்தான் சொல்ல வேண்டும் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.